வாசலில் ஒரு சார்ஜரும் மண்ணுக்குள் இல்லாத கம்பியும்

பத்திரிகை அலுவலகங்களில் மூன்று தசாப்தங்களாகச் செய்திகளைத் திருத்திவந்த நான், 'மின்சாரம் தாக்கி ஒருவர் பலி' என்ற தலைப்பை எத்தனை தடவைகள் போட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அந்தச் செய்திகள் பெரும்பாலும் ஒற்றைப் பத்தியில், உட்பக்கமொன்றின் கீழ்மூலையில் வருபவை. கிணற்று மோட்டாரை இயக்கப்போனவர், ஈரத்துணியைக் கம்பிக்கொடியில் காயப்போட்ட பெண், மழைநேரத்தில் இரும்புப் படலையைத் தொட்ட சிறுவன். பெயர், வயது, ஊர், பொலிஸாரின் மேலதிக விசாரணை. அத்துடன் செய்தி முடிந்துவிடும். ஏன் இறந்தார் என்ற கேள்வியை நாம் கேட்பதில்லை. மின்சாரம் தாக்கினால் மனிதன் இறந்துபோவான் என்பதே எமக்குப் போதுமான காரணமாக இருந்தது.

அந்தக் கேள்வியை நான் முதன்முதலாகக் கேட்டது 2025 நடுப்பகுதியில், கொழும்பின் தெற்கே தெஹிவளையில் இருக்கும் எனது வீட்டு முற்றத்தில், மின்சாரக் காருக்கான சார்ஜர் ஒன்றைப் பொருத்த முனைந்தபோதுதான். ஒரு வீட்டுச் சுவரில் ஒரு பெட்டியைப் பூட்டுவதைப் பற்றி ஒரு கட்டுரை தேவையா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அந்தப் பெட்டி எனக்குக் காட்டித்தந்த விடயம் எனது வீட்டுடன் மாத்திரம் முடிந்துபோகக்கூடியது அல்ல என்பதாலேயே எழுதுகிறேன்.

முதலில் கார் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022ஆம் ஆண்டில் இந்த நாடு வங்குரோத்து நிலையடைந்து, பெற்றோலுக்கு இரவு பகலாக வரிசையில் நின்றோம். வரிசையிலேயே சிலர் மயங்கி விழுந்து மாண்டார்கள். அவ்வாண்டு ஜூலையில் கியூ.ஆர். அட்டை முறை வந்த பிறகே நிலைமை ஓரளவு சீரானது. இன்னொரு தடவை அந்த வரிசையில் நிற்க என்னால் இயலாது என்று அன்று முடிவெடுத்தேன். வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலிருந்து நிறுத்தப்பட்டிருந்ததால் புதிய கார் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2014, 2015 காலப்பகுதியில் ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் இங்கு வந்திறங்கிய நிசான் லீஃப் கார்களில் ஒன்றை, 2023இல் நண்பர் ஒருவரிடமிருந்து வாங்கினேன். புதிதாக இருந்தபோது 24 கிலோவாற் மணித்தியாலம் கொள்ளக்கூடியதாக இருந்த அதன் பற்றரி, எமது வெப்பத்தில் நன்றாக வாடிப்போயிருந்தது. அந்தக் காரின் பற்றரிக்குக் குளிரூட்டும் ஏற்பாடு கிடையாது என்பதை வாங்கிய பின்னரே அறிந்தேன். ஒரு தடவை ஏற்றினால் எழுபது கிலோமீற்றர் ஓடும். எனது அலுவல்களுக்கு அது தாராளம்.

யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளில் வாழ்ந்த எவருக்கும் 'பற்றரி' என்ற சொல் சாதாரணமான ஒன்றல்ல. 1990இல் போர் மீண்டும் மூண்ட பிறகு வடக்கிற்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் டோர்ச் பற்றரியும் இருந்தது. மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்னைக்கொண்டு வானொலியை இயக்கி இரவில் பிபிசி தமிழோசை கேட்டோம். பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாக இருந்த நான் குப்பி விளக்கில் படித்தேன். மோட்டார் சைக்கிள்களும் பழைய கார்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் புகைவிட்டு ஓடின. அந்தக் காலத்தில் மின்சாரத்தைப் பற்றி எமக்குத் தெரியாத தந்திரம் எதுவும் இல்லை என்று நாம் பெருமைப்பட்டதுண்டு. இல்லாததை வைத்துச் சமாளிப்பதே எமது கெட்டித்தனமாக இருந்தது. அந்தக் கெட்டித்தனம் சமாதான காலத்தில் எவ்வளவு ஆபத்தானதாக மாறக்கூடும் என்பதை இப்போது உணர்கிறேன்.

எப்படியென்றால், காருடன் வந்த ஜப்பானியக் கம்பியின் முனையில் இங்கத்தைய 15 அம்பியர் பிளக்கை யாரோ பூட்டிவைத்திருந்தார்கள். முன்னறை யன்னலூடாக அதை உள்ளே விட்டு, குளிரூட்டிக்காகப் போட்டிருந்த பிளக் பொயின்றில் செருகி இரண்டு வருடங்கள் காருக்கு மின்னேற்றினேன். ஒருநாள் காலையில் பிளக்கைக் கழற்றப்போனபோது கை சுட்டது. அதன் ஒரு முள்ளைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கருகி மண்ணிறமாகியிருந்தது.

கலைப் பட்டதாரியான எனக்கு அதன் காரணத்தை விளங்கிக்கொள்ளச் சில நாட்கள் எடுத்தன. கேத்தல் சில நிமிடங்களே மின்னை இழுக்கிறது. இஸ்திரிப்பெட்டி சூடானதும் தானாக நின்று நின்று வேலைசெய்கிறது. மின்சாரக் கார் அவ்வாறானது அல்ல. ஆறு, ஏழு மணித்தியாலங்கள் ஒரே அளவில் இடைவிடாது இழுத்துக்கொண்டேயிருக்கும். கம்பி தளர்ந்திருக்கும் இடத்தில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். கேத்தலைப் பல வருடங்கள் பொறுத்துக்கொண்ட பிளக் பொயின்ற், காரைப் பொறுத்துக்கொள்ளாது. இரவில் நாம் உறங்கிய அறைக்கு அடுத்த அறையில் அது கருகிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தபோதுதான் முறையாக ஒரு சார்ஜரை வாங்கி வெளியே சுவரில் பொருத்துவது என்ற முடிவுக்கு வந்தேன்.

வெளியே என்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. கராஜ் கிடையாது. மதிலுக்கும் வீட்டுக்கும் இடையில் கார் ஒன்று நிற்கக்கூடிய முற்றம் மாத்திரமே உண்டு. மேலே கூரையில்லை. தென்மேல் பருவமழை சாய்வாக வந்து அந்தச் சுவரிலேயே அடிக்கும். கடலிலிருந்து உப்புக்காற்றும் வரும்.

கடையில் சந்தித்த முதல் அதிசயம், நாம் சார்ஜர் என்று அழைக்கும் அந்தப் பெட்டி உண்மையில் சார்ஜரே அல்ல என்பது. ஆடலோட்ட மின்னை நேரோட்டமாக மாற்றி பற்றரிக்குள் செலுத்தும் சாதனம் காருக்குள்ளேயே இருக்கிறது. சுவரில் பூட்டப்படுவது ஒரு காவற்காரன். காருடன் பேசி, கம்பி சரியாகப் பூட்டப்பட்டிருக்கிறதா, புவித்தொடுப்பு இருக்கிறதா என்று பார்த்து, எல்லாம் சரியென்றால் மாத்திரமே மின்னைத் திறந்துவிடும். ஏதாவது பிழையென்றால் மூடிவிடும். கடைக்காரர் எனக்கு விற்க விரும்பியது 7.4 கிலோவாற் பெட்டியை. எனது வீட்டுக்கு வந்திருப்பது ஒற்றைத்தறுவாய் 30 அம்பியர் இணைப்பு. 230 வோல்ற்றை 30 அம்பியரால் பெருக்கினால் 6.9 கிலோவாற். அதாவது, வீட்டிலுள்ள விளக்குகள், குளிர்சாதனப்பெட்டி எல்லாவற்றையும் அணைத்துவிட்டாலும்கூட அந்தப் பெட்டியின் முழுப் பசிக்கு எனது இணைப்பு போதாது. எனது காருக்குள் இருக்கும் சாதனமோ 3.3 கிலோவாற்றுக்கு மேல் வாங்காது. எனவே 16 அம்பியர் பெட்டியே எனக்குத் தாராளமாகப் போதுமானது. பெரியதை வாங்கியிருந்தால் பணம்தான் வீணாகப் போயிருக்கும்.

கணக்கு எளிமையானது. ஓர் அலகு மின்சாரத்தில் இத்தகைய கார் ஆறு கிலோமீற்றருக்கு மேல் ஓடும். நாளொன்றுக்கு 30 கிலோமீற்றர் ஓடும் ஒருவருக்கு ஐந்து, ஐந்தரை அலகுகள் போதும். 16 அம்பியர் பெட்டி அதை இரண்டு மணித்தியாலத்துக்குள் நிரப்பிவிடும். வேகமான சார்ஜர் வேண்டும் என்பது எம்மில் பெரும்பாலானோருக்குத் தேவையிலிருந்து பிறந்த எண்ணமல்ல. பெற்றோல் நிலையத்தில் ஐந்து நிமிடத்தில் தாங்கியை நிரப்பிப் பழகிய மனதிலிருந்து பிறந்தது.

பெட்டியைப் பூட்டுவதற்குக் கடையிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். சுறுசுறுப்பானவர். ஒரு மணித்தியாலத்தில் சுவரில் துளையிட்டுப் பெட்டியைப் பூட்டி ஆளியைப் போட்டார். பச்சை விளக்கு எரியவேண்டிய இடத்தில் சிவப்பு விளக்கு சிமிட்டியது. காரில் மின் ஏறவில்லை. கழற்றிப் பூட்டினார், அப்போதும் சிவப்பு. பெட்டி பழுதாக இருக்கலாம் என்றெண்ணி வேறொன்றைக் கொண்டுவந்து பூட்டினார், மீண்டும் சிவப்பு. பெட்டியுடன் வந்த கைநூலில் சீன மொழியும் ஆங்கிலமும் மாத்திரமே இருந்தன. நான் ஆங்கிலப் பகுதியை வாசித்துப் பார்த்தேன். புவித்தொடுப்பு இல்லை என்பதே அந்தச் சிமிட்டலின் பொருள்.

"அது பெரிய பிரச்சினை இல்லை, அங்கிள்" என்றார் இளைஞர். "உள்ளுக்கு நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால சேர்த்துவிட்டால் பச்சை வரும். எத்தனையோ வீட்டில செய்திருக்கிறம். உங்கட ட்ரிப் சுவிச்சும் பழசு, அடிக்கடி விழும். மீற்றரில இருந்து நேரா இழுத்துவிட்டால் கரைச்சல் இல்லை."

உண்மையைச் சொல்வதானால், ஒரு கணம் எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. இல்லாததை வைத்துச் சமாளிக்கும் பழைய கெட்டித்தனம் உள்ளே விழித்துக்கொண்டது. சம்மதித்திருப்பேன். பக்கத்து வீட்டுச் சிறுவர்கள் இருவரும் அந்த நேரத்தில்தான் மதிலேறி முற்றத்தில் குதித்து, காருக்கடியில் புகுந்து தமது கிரிக்கெட் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அது அவர்களின் தினசரி வழக்கம். மழையில் நனைந்துகொண்டும் விளையாடுவார்கள். வெறுங்காலுடன் வருவார்கள். பொருத்தும் வேலையை நாளைக்குப் பார்க்கலாம் என்று இளைஞரை அனுப்பிவிட்டேன்.

மறுநாள் எனது வேண்டுகோளின் பேரில் வந்தவர் ஒரு வயதான மின்னியலாளர். அந்த வட்டாரத்தில் எல்லோரும் நானா என்று அழைக்கும் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் பெட்டியைப் பார்க்கவேயில்லை. "எர்த் கம்பி எங்க சேர் இருக்கு?" என்பதே அவருடைய முதற் கேள்வி. எனக்குத் தெரியாது. இருபது வருடங்களாக வாழும் வீட்டில் அந்தக் கம்பி எங்கே மண்ணுக்குள் இறங்குகிறது என்பது எனக்குத் தெரியாது. நான் தற்காப்பாக, ட்ரிப் சுவிச் வேலைசெய்கிறது, அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதாமாதம் அழுத்திப் பார்க்கிறேன், உடனே விழுகிறது என்றேன்.

"அந்தப் பட்டன் சுவிச்ச மட்டுந்தான் சேர் பார்க்கும். எர்த்த பார்க்காது. எர்த்தே இல்லாட்டியும் விழும்" என்றார் நானா.

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம். எம்மில் எத்தனை பேர் அந்தப் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு வீடு பாதுகாப்பாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்! அது ஆளியின் உள் இயக்கத்தைச் சோதிக்கும் பொத்தான் மாத்திரமே. கசிந்துவரும் மின் மண்ணுக்குள் போவதற்கு வீட்டில் ஒரு பாதை இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை.

இரண்டு மணித்தியாலத் தேடலுக்குப் பிறகு கம்பியின் கதை தெரியவந்தது. வீட்டைக் கட்டியபோது சமையலறைக்குப் பின்னால் செப்புக்கோல் ஒன்று நடப்பட்டிருந்தது. பின்னர் குளியலறையைப் பெருப்பித்துத் தரையோடு பதித்த மேசன்மார் அதற்கு மேலாகக் கொங்கிரீட் போட்டுவிட்டார்கள். போடும்போது கம்பியை வெட்டி, சுண்ணாம்புச் சாந்துக்குள் முனையை மறைத்துவிட்டார்கள். அந்த வேலையைச் செய்வித்தது நான்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சலவை இயந்திரம், குளிர்சாதனப்பெட்டி, குளியலறை வெந்நீர்ச் சாதனம் எவற்றுக்கும் புவித்தொடுப்பு இல்லை. சுவரில் மூன்று துவார பிளக் பொயின்றுகள் வரிசையாக இருந்தன. மூன்றாவது துவாரத்துக்குப் பின்னால் எதுவும் இருக்கவில்லை. எந்தச் சாதனமும் அதைப் பற்றி முறையிடவில்லை. அவற்றுக்குக் கேட்கத் தெரியாது. முதன்முதலாகக் கேட்டது இந்தச் சீனப் பெட்டிதான். கேட்ட வாயை ஒரு துண்டு வயரால் அடைத்துவிடத்தான் நாம் முனைந்தோம்.

அவ்வாறு அடைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நானா விளக்கினார். சாதாரண நாட்களில் ஒன்றும் நடக்காது. அதுவே அதன் ஆபத்து. எங்காவது நியூட்ரல் கம்பி அறுந்துபோனால், காரின் உலோக உடல் முழுவதும் 230 வோல்ற் ஏறி நிற்கும். கார் இறப்பர் ரயர்களின் மீது நிற்பதால் அந்த மின்னுக்கு மண்ணுக்குள் போக வழியில்லை. ஈரநிலத்தில் வெறுங்காலுடன் நின்று கதவைத் தொடுபவரே அதன் வழியாவார். ட்ரிப் சுவிச்சையும் தவிர்த்து மின்மானியிலிருந்து நேராகக் கம்பி இழுத்திருந்தால், அதை நிறுத்துவதற்கு வேறெதுவும் இல்லை. அடுத்தநாள் பத்திரிகையில் ஒற்றைப் பத்தி. பெயர், வயது, ஊர். வயது பத்தோ பதினொன்றோ.

புதிய செப்புக்கோலை முற்றத்தின் ஈரமான மூலையில் நட்டு, கருவி வைத்து அதன் தடையை அளந்து, அந்த எண்ணைப் பிரதான பெட்டியின் மூடியில் பேனையால் எழுதிவைத்தார் நானா. கார் சார்ஜருக்கெனத் தனியான கம்பி, தனியான ஆளி, தனியான ட்ரிப் சுவிச். காரின் உள்ளிருந்து சிறிதளவு நேரோட்டம் கசிந்தாலும் சாதாரண ட்ரிப் சுவிச் மரத்துப்போய், விழவேண்டிய நேரத்தில் விழாமல் போகலாமாம். அதற்கேற்ற வகையே வேண்டும் என்று தேடிப்பிடித்து வாங்கிவந்தார். இடிமின்னலுக்கு ஒரு காப்புச் சாதனம்; ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் எமது மாலைகளில் இடி இறங்கும் விதம் எல்லோருக்கும் தெரிந்ததே.

இளைஞர் பெட்டியின் மேற்பக்கத்தில் துளையிட்டுக் கம்பியை நுழைத்திருந்தார். நானா அதைக் கழற்றி எறிந்துவிட்டு, வேறு பெட்டிக்குக் கீழிருந்து கம்பியைக் கொண்டுவந்தார். பெட்டியின் மீது ஐ.பி. 65 என்று அச்சிடப்பட்டிருந்தது. முதல் இலக்கம் தூசுக்கும் இரண்டாவது இலக்கம் நீருக்கும் எதிரான காப்பைக் குறிப்பவை. நாமே மேலே ஒரு துளை போட்டுவிட்டால் அந்த இலக்கங்களுக்கு அர்த்தமில்லை. உள்ளே நுழைவதற்கு முன்னர் கம்பி ஒரு தடவை கீழே தொங்கி வளைந்துசெல்லவேண்டும். மழைநீர் அந்த வளைவில் சொட்டி விழுந்துவிடும். பெட்டியை அவர் நெஞ்சளவு உயரத்தில் பூட்டினார். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியுடன் வந்த வெள்ளம் களனி கங்கையின் இருமருங்கிலும் எத்தனை வீடுகளின் யன்னல்வரை ஏறியது என்பதைப் பார்த்த பிறகு, அந்த உயரமும் போதுமா என்று யோசிக்கிறேன்.

இந்த வேலை எல்லாம் முடிய, பெட்டியின் விலைக்குக் கிட்டிய செலவு வந்தது. கடைவிளம்பரங்கள் எதிலும் அந்தச் செலவு குறிப்பிடப்படுவதில்லை.

இனி எனது அபிப்பிராயத்துக்கு வருகிறேன். 2025 பெப்ரவரி முதலாம் திகதியிலிருந்து தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதன் பின்னர் வந்த வாகனங்களில் மின்சாரக் கார்கள் கண்கூடாகத் தெரிகின்றன. எங்கள் ஒழுங்கையிலேயே இப்போது நான்கு நிற்கின்றன. அவற்றுடன் நான்கு பெட்டிகள் சுவரேறியிருக்கின்றன. அந்த நான்கில் எத்தனை பச்சை விளக்குகள் உண்மையானவை, எத்தனை துண்டு வயரால் வாங்கப்பட்டவை என்பதைச் சொல்லக்கூடிய எவரும் இல்லை. காரை இறக்குமதி செய்யும்போது தீர்வையை ரூபா சதம்வரை கணக்கிட்டு அறவிடும் அரசு, அந்தக் கார் ஒவ்வோர் இரவும் பூட்டப்படும் கம்பியைப் பற்றி அறிந்திருக்க வேண்டாமா? வெளியில் பொருத்தப்படும் ஒவ்வொரு சார்ஜருக்கும் புவித்தொடுப்பு அளந்து எழுதப்பட்ட ஒரு தாள், தகுதிபெற்ற மின்னியலாளரின் கையொப்பத்துடன் இருக்கவேண்டும். அது ஒரு பக்கத் தாளாக இருந்தால் போதும். அதற்காக மக்களை அலுவலகம் அலுவலகமாக அலையவைத்தால், துண்டு வயர்க்காரர்களே வெற்றிபெறுவார்கள்.

மொழியைப் பற்றியும் கூறவேண்டும். உயிராபத்தை விளைவிக்கக்கூடிய ஒரு சாதனத்தின் எச்சரிக்கைகள் இந்த நாட்டின் இரு அரசகரும மொழிகளிலும் இல்லாமல் விற்கப்படுகின்றன. ஆங்கிலம் தெரிந்ததால் சிவப்பு விளக்கின் பொருளை நான் அறிந்தேன். சுன்னாகத்திலோ மட்டக்களப்பிலோ மொனராகலையிலோ அதைப் பூட்டும் ஒருவருக்கு அந்தச் சிவப்பு வெறும் சிவப்புத்தான். தமிழில் பெயர்ப்பலகை வைப்பதைப் பற்றி நாம் எவ்வளவோ எழுதியிருக்கிறோம். ஆபத்து என்ற சொல்லைத் தமிழில் அச்சிடவைப்பது அதைவிட முக்கியத்துவம் குறைந்த உரிமை அல்ல.

அடுத்தது நேரம். வேலை முடிந்து மாலை ஆறரை, ஏழு மணிக்கு வீடுதிரும்பும் ஒருவர் செய்யக்கூடிய மிக இயல்பான காரியம் காரைப் பூட்டிவிடுவதுதான். இந்த நாட்டில் மின்கேள்வி உச்சத்துக்குப் போவதும் அதே நேரத்தில்தான். நேரத்துக்கேற்ற கட்டண முறையில் மாலை 6.30இலிருந்து இரவு 10.30 வரையான காலம் உச்ச வேளையாக வகுக்கப்பட்டிருப்பது அதனாலேயே. அந்த வேளையில் எண்ணெய் எரித்தும் மின் உற்பத்தி செய்யவேண்டியிருக்கிறது. அதாவது, காருக்குள் எரிக்காத எண்ணெயை வேறோரிடத்தில் எரித்து அதன் மின்னைக் காருக்குள் ஏற்றுகிறோம்.

பகலிலோ நிலைமை நேர்மாறானது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் இருளில் மூழ்கியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலை என்று அமைச்சர் சொன்னதை உலகமே கேட்டுச் சிரித்தது. விடுமுறை நாளில் மின்கேள்வி குறைந்திருக்க, கூரைகளிலிருந்து சூரிய மின் பெருமளவில் பாய்ந்துகொண்டிருந்ததால் ஒரு சிறு அதிர்ச்சியையும் தாங்க முடியாத நிலையில் மின்கட்டமைப்பு இருந்தது என்ற விளக்கம் பிறகு வந்தது. அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அதே வருடம் ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரிய மின்தொகுதிகளைப் பிற்பகல் 3 மணிவரை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. 2016இல் 'சூரிய பல சங்கிராமய' என்று பெயர்சூட்டி, கூரைகளில் தகடுகளைப் பூட்டுங்கள் என்று கேட்ட அதே நாடுதான் இது.

வெயில்நேரத்தில் வாங்க ஆளில்லாத மின். விளக்கேற்றும் நேரத்தில் போதாத மின். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது மின்சாரக் கார். பகலில் ஏற்றினால் அது நாட்டுக்கு உதவி. மாலையில் ஏற்றினால் சுமை. பெட்டி ஒன்றுதான், கம்பி ஒன்றுதான். மணிக்கூடு மாத்திரமே வித்தியாசம். பிரிட்டனில் 2022 ஜூன் 30இலிருந்து விற்கப்படும் வீட்டுச் சார்ஜர்கள், உச்ச வேளையைத் தவிர்த்து ஏற்றும்படி முன்கூட்டியே அமைக்கப்பட்டிருக்கவேண்டும் என்று சட்டமுண்டு. எல்லாக் கார்களும் ஒரே நொடியில் இழுக்கத் தொடங்கிவிடாதவாறு சில நிமிடங்கள் முன்பின்னாகத் தொடங்கும் ஏற்பாடும் அதில் அடங்கும். லண்டனில் வசிக்கும் வாசகர்களின் சுவர்களில் அந்தப் பெட்டிகள் இருக்கக்கூடும். அத்தகைய ஒரு நிபந்தனையை இறக்குமதியின்போதே இங்கும் விதிப்பதற்குப் பணம் தேவையில்லை. வர்த்தமானி ஒன்று போதும்.

ஆனால், நிபந்தனை மாத்திரம் போதாது. எமது வீட்டுக் கட்டணம் படிமுறையில் ஏறுவது. மாதமொன்றுக்கு 180 அலகுகளைத் தாண்டுபவரிடம் மிக உயர்ந்த படியில் அறவிடப்படுகிறது. கார் வந்ததும் ஒரு சாதாரண குடும்பம் அந்தப் படிக்குத் தள்ளப்படுகிறது. நண்பகலில் ஏற்றினாலும் இரவு எட்டு மணிக்கு ஏற்றினாலும் அவர்களுக்கு ஒரே விலை என்றால், எதற்காக நண்பகலுக்குக் காத்திருப்பார்கள்? பகலில் காருக்கு மலிவான விலை, அலுவலகங்களிலும் பாடசாலை வளவுகளிலும் பகல்நேரச் சார்ஜர்கள் என்பவையே உண்மையான ஊக்குவிப்பாக இருக்கும். ஓய்வுபெறும் வயதை நெருங்கி வீட்டிலிருந்தே எழுதும் எனக்கு நண்பகலில் காரைப் பூட்டுவது எளிது. காலையில் காரை எடுத்துக்கொண்டு போய் இருட்டிய பிறகு திரும்பும் எனது அயலவருக்கு அது இயலாத காரியம்.

இன்னொரு நியாயத்தையும் மறந்துவிடக்கூடாது. இவ்வளவும் முற்றம் உள்ளவர்களின் கவலைகள். வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகளில் வாழ்பவர்களுக்கும் வாடகை வீட்டுக்காரர்களுக்கும் பூட்டுவதற்குச் சொந்தச் சுவரே கிடையாது. யாழ்ப்பாணத்தின் நிலைமை வேறு. அங்கு வளவு பெரிது, வெயில் தாராளம், தூரம் குறைவு. மின்சார வாகனத்துக்கு அதைவிடப் பொருத்தமான நிலம் இந்தத் தீவில் இல்லை என்பேன். அங்கு வேறொரு சிக்கல் உண்டு. மெல்லிய மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். செப்புக்கோல் ஆழமாக இறங்காது; ஆடி ஆவணி வரட்சியில் மண் காய்ந்தால் அதன் தடையும் ஏறிவிடும். மாரியில் அளந்து சரியென்று எழுதிய எண், கோடையில் பொய்யாகிவிடலாம். புலம்பெயர்ந்த உறவுகள் பலர் ஊரிலுள்ள பெற்றோருக்கு மின்சாரக் காரோ ஸ்கூட்டரோ வாங்கிக்கொடுக்க விரும்புவதை அறிவேன். பணத்தை அனுப்பும்போது, அந்தப் பழைய வீட்டின் எர்த் கம்பியைக் கோடைகாலத்தில் ஒருவரைக்கொண்டு அளந்து பார்க்கவும் சேர்த்து அனுப்புங்கள் என்பதே எனது வேண்டுகோள்.

கடையிலிருந்து வந்த அந்த இளைஞர்மீது எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு நாளில் இத்தனை பெட்டி பூட்டவேண்டும் என்ற கணக்கு மாத்திரமே அவருக்குச் சொல்லப்பட்டிருக்கும். சமாளிப்பதைக் கெட்டித்தனம் என்று போற்றிய தலைமுறை எங்களுடையது. அவர் எங்களிடமிருந்தே அதைக் கற்றிருக்கிறார். போர்க்காலத்தில் சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்று எமக்கு வழி இருக்கிறது. செப்புக்கோல் ஒன்றின் விலை, சார்ஜரின் விலையில் ஒரு சிறு பங்கு.

பக்கத்து வீட்டுச் சிறுவர்கள் இப்போதும் பந்தை எடுக்க மதிலேறிக் குதிக்கிறார்கள். மழை பெய்யும்போதும் வருகிறார்கள். கார் பூட்டியிருக்கும் நேரத்தில் அதன்மீது கைவைத்துச் சாய்ந்து நின்று கதைக்கிறார்கள். நான் அவர்களை விரட்டுவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நானா வந்து மண்ணை அளந்து, பிரதான பெட்டியின் மூடியில் பழைய எண்ணுக்குக் கீழே புதிய எண்ணை எழுதிவிட்டுப் போகிறார்.

உங்கள் வீட்டில் அந்தக் கம்பி எங்கே மண்ணுக்குள் இறங்குகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால், சார்ஜரை வாங்குவதற்கு முன்னர் அதைத் தேடிப்பாருங்கள்.